செட்டிநாட்டு வெயிலில் ஆடி டிடி: ரீமேப் முதலா, இன்டர்கூலர் முதலா?

கானாடுகாத்தான் டிடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடந்த தை மாதம் சென்னைப் பதிவெண் கொண்ட 2016ஆம் ஆண்டு ஆடி டிடி கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். 1984 சிசி டர்போ பெட்ரோல் எஞ்சின், கம்பெனிக் கணக்குப்படி 230 குதிரைத்திறன், 370 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, ஆறு கியர் எஸ்-டிரானிக் (தானே கியர் மாற்றும் கியர்பாக்ஸ்), குவாட்ரோ (நான்கு சக்கர இழுவை). இதுவரை 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. எந்த மாற்றமும் செய்யப்படாத வண்டி.

வார நாட்களில் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் இடையிலும், விடுமுறை நாட்களில் திருமயம் வழியாகத் திருச்சி வரையிலும், எப்போதாவது தொண்டிப் பக்கம் கடற்கரைச் சாலையிலும் ஓட்டுகிறேன். விடியற்காலையில் கிளம்பினால் வண்டி துள்ளுகிறது. அதே சாலையில் மதியம் இரண்டு மணிக்கு ஏசி போட்டுக்கொண்டு வரும்போது, ஆக்ஸிலரேட்டரை அழுத்தியும் ஏதோ ஒன்று பிடித்து இழுப்பது போல் இருக்கிறது.

பெருநகரத்து டியூனிங் கடை ஒன்றில் விசாரித்தேன். ஸ்டேஜ் 1 ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி எழுதுவது), திறந்த கோன் ஃபில்டருடன் இன்டேக் (காற்று உள்ளே போகும் பாதை), கேட்-பேக் எக்ஸாஸ்ட் (புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னுள்ள குழாய்), ப்ளோ-ஆஃப் வால்வு (டர்போவின் மிகுதிக் காற்றை வெளியே விடுவது) ஆகிய நான்கையும் ஒரே தொகுப்பாகப் போட்டால் 300 குதிரைத்திறனைத் தாண்டும் என்கிறார்கள். அந்தத் தொகையில் பாதிதான் இப்போது என் கையில் இருக்கிறது. எதை முதலில் செய்வது, எதை விட்டுவிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

செம்மண் சாலை எழுதியது:

நண்பருக்கு வணக்கம். நல்ல வண்டி, 2023ஆம் ஆண்டோடு டிடி உற்பத்தியே நின்றுவிட்டதால், இனி இதைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பில் சேர்ந்துவிட்டது.

மதியம் உணரும் மந்தத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எதை வாங்குவது என்ற கேள்விக்கான விடை அதில்தான் இருக்கிறது. இருபது டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால், நாற்பது டிகிரிக் காற்று ஏறத்தாழ ஆறு சதவீதம் அடர்த்தி குறைந்தது. அது சிறிய பகுதிதான். டர்போ அந்தக் காற்றை 2.2 மடங்கு அழுத்தத்துக்கு ஏற்றும்போது, அதில் காற்றை அழுத்தும் பகுதியான கம்ப்ரஸரின் திறன் எழுபது சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வெளியே வரும் காற்று 150 டிகிரியைத் தொட்டுவிடும். காலை இருபது டிகிரியில் இதே கணக்கு 125 டிகிரி அளவில் நிற்கும். இந்தச் சூட்டை வாங்கி வெளியே விடுவதுதான் இன்டர்கூலரின் வேலை. அதுவும் எதிரே வரும் காற்று குளிர்ந்ததாக இருந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

உங்கள் வண்டி கட்டப்பட்டிருக்கும் எம்கியூபி என்ற அடித்தளத்தில், கம்பெனி இன்டர்கூலர் ஏசி கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மாட்டப்பட்டிருக்கிறது. அதாவது ஏசி ஓடும்போது, கண்டன்ஸர் கக்கும் வெந்த காற்றுதான் இன்டர்கூலருக்குள் நுழைகிறது. அடுப்பங்கரைச் சன்னலுக்கு நேரே உட்கார்ந்து விசிறிக்கொள்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் இன்டர்கூலர் முழுக்கச் சூடு ஊறிப்போயிருக்கும். உள்ளே போகும் காற்றின் சூட்டை ஈசியூ எனும் எஞ்சின் கம்ப்யூட்டர் பார்க்கிறது. எஞ்சினில் நாக் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) எழும்பாமல் இருக்க இக்னிஷன் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளுகிறது, டர்போ தரும் கூடுதல் அழுத்தமான பூஸ்ட்டையும் குறைக்கிறது. நீங்கள் சொல்லும் இழுவை இதுதான். எஞ்சின் தன்னைக் காத்துக்கொள்கிறது.

இந்த நிலையில் வெறும் ரீமேப் மட்டும் போட்டால் காலையில் 300 குதிரைத்திறனும், மதியத்தில் பழைய 230-க்குக் கொஞ்சம் மேலேயுமாக இரண்டு வண்டிகள் உங்களிடம் இருக்கும். ஆகவே என் வரிசை இது: வண்டியின் உடல்நலம், அடுத்து டயரும் பிரேக்கும், அடுத்து இன்டர்கூலர், அதற்குப் பிறகே மென்பொருள். ஒலிக்காக வாங்கும் பொருள்களைக் கடைசியிலும் வாங்கலாம், வாங்காமலும் விடலாம்.

தொகுப்பில் உள்ள மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ப்ளோ-ஆஃப் வால்வு சத்தம் தரும், திறன் தராது. கேட்-பேக் பெரிய பலன் தராது, ஏனென்றால் டர்போ வண்டியில் வெளியேறும் வாயுவுக்குப் பெரிய தடை டர்போவை ஒட்டிய டவுன்பைப்பிலும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரிலும் இருக்கிறது. ‘ஹெடர் (சிலிண்டர்களின் புகையைச் சேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு) மாற்றலாம்’ என்று யாராவது சொன்னால், அவருக்கு இந்த எஞ்சின் தெரியாது என்று பொருள். உங்கள் வண்டியில் உள்ள மூன்றாம் தலைமுறை இஏ888 எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டு, கூலன்ட் சுற்றி ஓடும்படி அமைந்திருக்கிறது. கழற்றி மாற்ற அங்கே எதுவும் இல்லை.

பள்ளத்தூர் எழுதியது:

செம்மண் சாலை அண்ணன் சொல்லும் இயற்பியலை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவுக்குக் கிடைக்கும் பலன் என்று பார்த்தால் ரீமேப்புக்கு நிகர் வேறு எதுவும் இல்லை என்பது என் கருத்து. என்னிடம் இதே எஞ்சின் கொண்ட வேறொரு வண்டி இருக்கிறது. ஸ்டேஜ் 1 மட்டும் செய்திருக்கிறேன். நடு ஆர்பிஎம்மில் கிடைக்கும் முறுக்குவிசை, புதுக்கோட்டைச் சாலையில் லாரியை முந்தும்போது ஒவ்வொரு முறையும் தெரிகிறது. ஐந்து நொடி முந்துதலில் இன்டர்கூலர் அவ்வளவாகச் சூடாவதும் இல்லை. ரேஸ் டிராக்கில் தொடர்ந்து சுற்றுபவருக்குத்தான் பெரிய இன்டர்கூலர் அவசியம். சாலையில் ஓட்டுபவர் பணம் இருக்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரிய இன்டர்கூலருக்கு உள் கொள்ளளவு அதிகம், கனமும் அதிகம். பூஸ்ட் ஏறுவதில் சிறு தாமதம் வரும், ரேடியேட்டருக்குப் போகும் காற்றும் குறையும். வெயில் ஊர்க்காரர்கள் அந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

தேவகோட்டை மெக்கானிக் எழுதியது:

இருவர் சொல்வதும் வண்டி நல்ல நிலையில் இருந்தால் பொருந்தும். நான் முதலில் ஆஸ்பத்திரி வேலையைப் பேசுகிறேன்.

58,000 ஓடியிருக்கிறது என்கிறீர்கள். 60,000-இல் கியர்பாக்ஸ் ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும். உங்கள் எஸ்-டிரானிக், ஆயிலில் மூழ்கி ஓடும் ஈரக் கிளட்ச் உள்ள டிஎஸ்ஜி வகை. ரீமேப் செய்து முறுக்குவிசையைக் கூட்டிய பிறகு பழைய ஆயிலில் ஓட்டினால், நான்காவது, ஐந்தாவது கியரில் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. கிளட்ச் நழுவத் தொடங்கிவிட்டது என்று அப்போது புரிந்துகொள்ளுங்கள். நல்ல டியூனர் எஞ்சினுக்கு மட்டுமல்லாமல் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து ஃபைல் எழுதி, கிளட்ச்சைப் பிடிக்கும் அழுத்தத்தையும் அதற்கேற்ப உயர்த்துவார். உங்களுக்குக் கொடுத்த தொகுப்பில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

பின் சக்கரங்களுக்கு இழுவையை அனுப்பும் ஹால்டெக்ஸ் யூனிட்டில் ஆயில் மாற்றும்போது, பம்ப்பைக் கழற்றி அதன் சிறு சல்லடையையும் கழுவச் சொல்லுங்கள். பலர் ஆயிலை மட்டும் மாற்றிவிட்டுப் பில் போடுகிறார்கள். சல்லடை அடைத்தால் பம்ப் திணறும். குவாட்ரோ என்று பின்னால் எழுதியிருக்கும், ஆனால் முன் சக்கரம் மட்டுமே இழுக்கும்.

இந்த எஞ்சினில் வாட்டர் பம்ப்பும் தெர்மோஸ்டாட்டும் சேர்ந்த பிளாஸ்டிக் கூடு கசிவது எல்லோருக்கும் தெரிந்த நோய். இளஞ்சிவப்பாகக் காய்ந்த கறை அந்தப் பக்கம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தெரிந்தால் ரீமேப் பேச்சை அங்கேயே நிறுத்தி, அதை முதலில் மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக்கும் புதிதாக இருக்கட்டும். பூஸ்ட் கூடும்போது பழைய பிளக்கில் பொறி அணைந்து எஞ்சின் தடுமாறும்.

திறந்த கோன் ஃபில்டர் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சென்ற ஆண்டு என்னிடம் ஒரு ஹேட்ச்பேக் வந்தது. வெளியூர்க் கடையில் கோன் ஃபில்டர் போட்ட வண்டி. ஊர்ப்புறத்தில், கிராவல் சாலையில் தினமும் ஓடுவது. ஃபில்டரைக் கழற்றி, டர்போவுக்குப் போகும் குழாயின் உட்புறத்தில் வெள்ளை வேட்டித் துணியால் ஒரு துடை துடைத்தேன். துணியில் செங்காவி ஏறியது, விரலில் தேய்த்தால் நறநறவென்றது. ஃபில்டருக்கு அப்பால், தூசே இருக்கக் கூடாத இடம் அது. கம்ப்ரஸர் இறக்கையின் நுனிகள் மழுங்கியிருந்தன. நம் ஊர்ச் செம்மண் மாவு போன்றது. அதற்கு மடிப்பு நிறைந்த காகித ஃபில்டரும் மூடிய பெட்டியும்தான் சரி. அந்தப் பெட்டி முன் கிரில்லில் இருந்து வெளிக்காற்றை எடுக்கிறது. திறந்த கோன், எஞ்சின் அறையின் வெந்த காற்றைக் குடிக்கிறது. அதற்குப் பணம் வேறு கொடுக்க வேண்டுமா?

கானாடுகாத்தான் டிடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் ஐயா சொன்னபடி பார்த்ததில் கூலன்ட் கறை எதுவும் இல்லை. கியர்பாக்ஸ் ஆயிலுக்கும் ஹால்டெக்ஸுக்கும் நாள் குறித்துவிட்டேன்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி கருவி மாட்டி டேட்டா லாக் (ஓடும்போது எடுக்கும் அளவுகளின் பதிவு) எடுத்தேன். இரண்டு முறையும் திருமயம் சாலையில் ஒரே இடம், மூன்றாவது கியர், 2,500 முதல் 4,500 ஆர்பிஎம் வரை. காலையில் வெளிவெப்பம் 27 டிகிரி இருக்கும்போது இன்டேக் காற்று 38 டிகிரி. எந்தச் சிலிண்டரிலும் இக்னிஷன் பின்னடைவு ஒரு டிகிரியைத் தாண்டவில்லை. மதியம் வெளிவெப்பம் 38, ஏசி ஓடிக்கொண்டிருந்தது, அதற்கு முன் காரைக்குடி நெரிசலில் நின்று வந்திருந்தேன். இன்டேக் காற்று 63 டிகிரியில் தொடங்கியது. மூன்றாவது சிலிண்டரில் பின்னடைவு ஐந்து டிகிரி வரை போனது. ஏசியை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிய பிறகு 51-க்கு இறங்கியது.

செம்மண் சாலை எழுதியது:

இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. பள்ளத்தூர் நண்பர் சொன்ன ‘ஐந்து நொடி முந்துதல்’ வாதத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது: ஐந்து நொடியில் இன்டர்கூலர் சூடாவதில்லை என்பது உண்மைதான், ஆனால் முந்தத் தொடங்கும்போதே 63 டிகிரியில் இருக்கிறதே, அதை என்ன செய்வது? ஆனால் ரேடியேட்டர் பற்றி அவர் எழுப்பிய ஐயம் நியாயமானது. கையில் கிடைக்கும் மிகத் தடிமனான இன்டர்கூலரை வாங்காதீர்கள். கம்பெனிப் பொருளின் இடத்திலேயே உட்காரக்கூடிய, நடுத்தரத் தடிமன் கொண்ட, ஓரங்களில் காற்று நழுவிப் போகாமல் அடைப்புப் பட்டைகள் உள்ள ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பொருத்திய பின் கூலன்ட் வெப்பத்தையும் சேர்த்து லாக் எடுங்கள்.

அடுத்து, பெட்ரோல். ரீமேப் ஃபைலை எந்த ஆக்டேனுக்கு (நாக் எழாமல் தாங்கும் பெட்ரோலின் தர எண்) எழுதுகிறார்கள் என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது. இணையத்தில் காணும் 300 குதிரைத்திறன் கணக்குகளில் பெரும்பாலானவை 98 ஆக்டேன் பெட்ரோலை வைத்துச் சொல்லப்படுபவை. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் அறிமுகப்படுத்திய 100 ஆக்டேன் பெட்ரோலான எக்ஸ்பி100 பெருநகரங்களின் சில பெட்ரோல் பங்க்குகளில்தான் கிடைக்கிறது. அதை நம்பி எழுதிய ஃபைலோடு காரைக்குடியில் ஓட்ட முடியாது. உங்களுக்கு 95 ஆக்டேன் ஃபைல்தான் பொருத்தம்.

இப்போது எங்கும் கிடைக்கும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் ஒரு விதத்தில் உதவி, ஒரு விதத்தில் தொல்லை. எத்தனால் ‘நாக்’ எழுவதை அடக்கும், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும். ஆனால் எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட லிட்டருக்கு லிட்டர் எரிசக்தி ஏறத்தாழ ஏழு சதவீதம் குறைவு. சரியான கலவைக்கு அதிக எரிபொருளை இன்ஜெக்டர் ஊற்ற வேண்டும். பூஸ்ட்டையும் கூட்டும்போது ஹை-பிரஷர் பம்ப் தன் எல்லையை நெருங்குகிறதா என்று லாக்கில் ரெயில் அழுத்தத்தை (இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் அழுத்தம்) பார்ப்பது அவசியம். கேட்ட அழுத்தத்துக்கும் கிடைத்த அழுத்தத்துக்கும் இடைவெளி விழுந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மேலும் 2016ஆம் ஆண்டு வண்டி இ20-க்கென்று வடிவமைக்கப்பட்டதல்ல. ரப்பர் குழாய்களை ஆண்டுக்கொரு முறை பாருங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் பக்கத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகள் எத்தனை, அவற்றின் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிகள் எத்தனை! அப்படி நிறுத்தும் பழக்கம் இருந்தால் டாங்க்கைப் பாதியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

கடைக்காரர் டைனோ (குதிரைத்திறனை அளக்கும் கருவி) சீட்டைக் காட்டினால், எந்தத் திருத்தக் கணக்கில் எடுத்தது என்று கேளுங்கள். டிஐஎன் கணக்கு இருபது டிகிரிக் காற்றுக்கும், எஸ்ஏஈ கணக்கு இருபத்தைந்து டிகிரிக்கும் திருத்திச் சொல்வது. டர்போ வண்டியில் ஈசியூ தானே பூஸ்ட்டைச் சரிசெய்துகொள்வதால், நாற்பது டிகிரி அறையில் ஓட்டி அந்தத் திருத்தத்தையும் மேலே ஏற்றினால் காகிதத்தில் மட்டும் சில குதிரைகள் கூடுதலாகப் பிறக்கும். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் அதே டைனோவில், அதே நாளில் எடுத்த இரண்டு சீட்டுகளின் வித்தியாசம் ஒன்றுதான் நம்பத்தக்கது.

காரைக்குடி வழக்கறிஞர் எழுதியது:

இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டரை எடுத்துவிட்டு டவுன்பைப் போடுவது, ஒலி வரம்பை மீறும் எக்ஸாஸ்ட் ஆகியவை மாசு தொடர்பான பிரிவுக்குள்ளும் வரும். ரீமேப் கண்ணுக்குத் தெரியாது என்று தைரியம் சொல்பவர்கள், விபத்துக்குப் பின் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் கேட்கும் கேள்விகளுக்கும் உங்களுடன் வந்து பதில் சொல்ல மாட்டார்கள். டயர், பிரேக் பேட், ஆயில் ஆகியவற்றை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்குள் தரமானதாக மாற்றுவதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

பள்ளத்தூர் எழுதியது:

வழக்கறிஞர் ஐயா சொல்வதை ஏற்கிறேன். கேட்டலிட்டிக்கை எடுப்பதை நானும் ஆதரிக்கவில்லை. லாக் எண்களைப் பார்த்த பிறகு இன்டர்கூலர் பற்றிய என் கருத்தையும் கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன். என் வண்டி பெரும்பாலும் இரவில்தான் ஓடுகிறது.

வேகத்தைச் சோதித்துப் பார்க்க, இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் செட்டிநாட்டு விமான ஓடுதளத்தைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். டிடி நண்பருக்குக் கூப்பிடு தூரம். யாராவது அங்கே ஓட்டியிருக்கிறீர்களா?

செம்மண் சாலை எழுதியது:

அனுமதி இல்லாத இடம். ஆடு மேய்ப்பவர்களும் மாலை நடை போவோரும் உள்ள இடம். ஆம்புலன்ஸோ தீயணைப்புக் கருவியோ இல்லாத இடம். வேண்டாம். கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை இங்கேயே கட்டி, இளைஞர்களுக்குப் பந்தயத்தை எட்டும் விலைக்குக் கொண்டுவந்த எஸ். கரிவரதன் பெயரால் 2003இல் திறக்கப்பட்ட தடம், 2.1 கிலோமீட்டர் நீளம். டிராக் டே நடக்கும் நாளில் கட்டணம் கட்டி ஓட்டுங்கள். நேர்ச்சாலை குறைவு, வளைவு அதிகம் என்பதால் குதிரைத்திறனைவிட டயரும் பிரேக்கும் எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டாவது சுற்றிலேயே அந்தத் தடம் சொல்லிவிடும்.

கானாடுகாத்தான் டிடி எழுதியது:

முடிவு செய்துவிட்டேன். கியர்பாக்ஸ், ஹால்டெக்ஸ், பிளக் வேலைகள் இந்த மாதம். டயர் நான்கும் பிரேக் பேடும் அடுத்து. பிறகு நடுத்தரத் தடிமன் இன்டர்கூலர். கோன் ஃபில்டரும் ப்ளோ-ஆஃப் வால்வும் கேட்-பேக்கும் வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொன்னபோது அவர் குரலே மாறிவிட்டது. சட்ட நிலவரத்தைக் கருதி ரீமேப்பை இப்போதைக்குத் தள்ளி வைக்கிறேன். புதிய இன்டர்கூலரோடு மதிய லாக் எடுத்த பிறகு, அது தேவைதானா என்று பார்க்கிறேன். பிரேக் ஆயில் டாட் 4 போதுமா, டாட் 5.1 போட வேண்டுமா? புதிய பேடை எப்படிப் பழக்குவது?

தேவகோட்டை மெக்கானிக் எழுதியது:

டாட் 4-இன் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் ஏறிய பின் 155. டாட் 5.1 புதிதாக 260, ஈரம் ஏறிய பின் 180. இரண்டும் கிளைகால் வகைதான், உங்கள் வண்டிக்கு எதுவும் ஒத்துக்கொள்ளும். சாலைக்கு நல்ல டாட் 4 போதும். கோயம்புத்தூர் போவதாக இருந்தால் அதற்கு முன் 5.1. டாட் 5 என்று மட்டும் எழுதிய சிலிகான் வகையைத் தொடவே வேண்டாம். எதைப் போட்டாலும் இரண்டு ஆண்டுக்கு மேல் விடாதீர்கள். கார்த்திகை மழைக்குப் பிறகு மாற்றுவது நல்லது.

பேடைப் பழக்க, விடிந்ததும் ஆளில்லாத நீண்ட சாலையாகப் பாருங்கள். 90-இல் இருந்து 30 வரை உறுதியாக, ஆனால் ஏபிஎஸ் துடிக்காத அளவில் பிரேக் பிடித்து, முழுவதும் நிறுத்தாமல் மறுபடி வேகம் எடுங்கள். எட்டுப் பத்து முறை இப்படிச் செய்தால் வாடை வரும், வரட்டும். பிறகு பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டிச் சூடு ஆறவிட்டு வாருங்கள்; சூடாக இருக்கும்போது நின்று பெடலை அழுத்திப் பிடித்தால் டிஸ்க்கில் பேடின் தடம் பதிந்து, பிறகு நடுங்கும். ஒன்று மட்டும்: தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியில் இருந்து பழனிக்குக் காவடியோடு பாதயாத்திரை போகும் நாட்களில் அந்தப் பக்கச் சாலைகளில் இதைச் செய்யாதீர்கள். இருட்டிலேயே நடக்கத் தொடங்கிவிடுவார்கள். பேட் மாற்றும் நாளில் காலிப்பர் பின்களுக்குப் புதுக் கிரீஸும் வைத்துவிடுகிறேன், வண்டியைக் கொண்டு வாருங்கள்.